உன் அத்தாவின் கடனும் உன் கையெழுத்தும்

இன்று காலை சுபுஹு தொழுது எழுந்ததும் முதல் வேலையாக உன் அத்தாவின் போனுக்கு ரீசார்ஜ் செய்தேன். அவர் மவுத்தான பிறகு மாதம் தவறாமல் செய்துகொண்டிருக்கிறேன், உனக்குத்தான் தெரியாது. அந்த நம்பர் நின்றுபோனால் பணம் கேட்க நினைப்பவர்கள் உன் நம்பரைத் தேடிப் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஆரம்பித்தது. கூப்பிடுகிறவர்கள் இதிலேயே கூப்பிடட்டும், நான் எடுத்துப் பேசிக்கொள்கிறேன் என்று நினைத்தேன். யாரும் கூப்பிடுவதில்லை. சமையல்கட்டு அலமாரியில் நாள் முழுக்க அது சும்மா கிடக்கிறது. சில நாள் மத்தியானம் என் போனிலிருந்து நானே அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்து, வேலை செய்கிறதா என்று பார்ப்பேன். வேலை செய்கிறது. வீட்டில் ஒரு சத்தமும் கேட்கும்.

நேற்று நீ ஓசூரிலிருந்து பேசினாய். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருவதாகவும், கம்பத்து ஃபைனான்ஸ்காரரைப் பார்த்து அத்தா கொடுத்த பழைய புரோநோட்டுக்குப் பதிலாக உன் பெயரில் புதிய நோட்டு எழுதிக் கொடுக்கப் போவதாகவும் சொன்னாய். "அத்தா பேருல ஒரு பாக்கி நிக்கக் கூடாதும்மா. நோட்ட மாத்திக் குடுத்துட்டா ரெண்டு வருசம் டைம் தர்றேன்னு சொல்றாக. நீங்க ஒண்ணும் கவலப்படாதீக." அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை. நான் கவலைப்படுவேன் என்று தெரிந்ததால்தான் சீக்கிரமாக வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். எழுதினால் இடையில் யாரும் வைத்துவிட முடியாது. ஒரு வேண்டுகோள்தான்: படித்து முடிக்கும் வரை அந்த ஆளுக்கு எந்தப் பதிலும் சொல்லாதே.

நீ ஏன் இப்படிச் செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குப் பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகைக்கு முன்னால், மவுத்தானவருடன் யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் வாரிசிடம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று கேட்டார்கள். எல்லா ஜனாஸாவிலும் கேட்பதுதான். வாரிசு எழுந்து நான் பொறுப்பு என்று சொல்வதும் எல்லா ஜனாஸாவிலும் நடப்பதுதான். நீ எழுந்து நின்று, எங்கள் அத்தா யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தாலும் என்னிடம் வாருங்கள், நான் கொடுக்கிறேன் என்று சத்தமாகச் சொன்னாயாம். பெண்கள் நாங்கள் வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண் வந்து என் காதில் சொன்னாள். "சிங்கம் மாதிரி நின்னானாம்க்கா ஒங்க மகன்." எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஏனென்றால் உன் அத்தா யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது இந்த ஊரில் இரண்டு பேருக்குத்தான் முழுதாகத் தெரியும். ஒருவரை அப்போதுதான் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். இன்னொருத்தியிடம் யாரும் கேட்கவில்லை.

பிறகு நான் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தேன். வெளி ஆண்கள் யார் முன்னாலும் வர முடியாது. வந்தவர்கள் எல்லாம் முன் அறையில் உட்கார்ந்து உன்னிடம் பேசினார்கள். உள் அறையில் இருந்து எனக்குப் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. ஃபைனான்ஸ்காரர் பேசியது மட்டும் நன்றாகக் கேட்டது, அவர் குரல் அப்படி. "தம்பி, நான் கோர்ட்டு கீர்ட்டுன்னு பேச வரல. நீங்க பள்ளியில வச்சுச் சொன்ன வார்த்தை ஊருக்கே தெரியும். அத நம்பித்தான் வந்திருக்கேன்." அவர் கோர்ட்டைப் பற்றி ஏன் பேச வரவில்லை என்பதை உனக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கோர்ட்டில் அவருக்கு இனிமேல் ஒன்றும் கிடையாது, அதனால்தான். இப்போது சொல்கிறேன்.

நீ கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த காலம் அது. ஓடைப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் உன் அத்தா பந்தலில் நிற்கிற திராட்சையை அப்படியே விலை பேசுவார். கொஞ்சம் முன்பணம், மீதி லாரி திரும்பி வந்த பிறகு. பேச்சுத்தான், எழுத்து கிடையாது. இந்தப் பள்ளத்தாக்கில் அவருடைய அத்தா காலத்திலிருந்து அப்படித்தான் நடந்தது. ஒரு வருடம் பழம் வெட்டுகிற நேரத்தில் விடாமல் மழை பிடித்தது. பழம் எல்லாம் வெடித்தது. மிஞ்சியதை ஏற்றிப்போன கேரளாக்காரர் பணம் தரவில்லை. மறு வருடம் விட்டதைப் பிடிப்பதற்காக இவர் வட்டிக்கு வாங்கினார். வட்டி என்ற வார்த்தையை வீட்டுக்குள் சொல்லக்கூடக் கூசுகிற மனிதர், 'கம்பத்துப் பணம்' என்றுதான் சொல்வார். அந்தப் பணமும் போனது. அதற்குப் பிறகுதான் ஐ.பி., அந்தத் திவால் மனு, கொடுத்தார். ஊரில் மஞ்சள் நோட்டீஸ் என்பார்கள். கடனை ஏமாற்றுகிறவன் செய்கிற வேலை என்றுதான் நீயும் நினைத்திருப்பாய். உன் நண்பர்கள் முன்னால் நீ பட்டது எனக்குத் தெரியும்.

நான் பி.காம் படித்தவள்தான். ஆனால் இந்த ஐ.பி.யில் என்ன இருக்கிறது என்பது உன் அத்தாவோடு வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. என்னால் கட்ட முடியவில்லை என்று கடன் வாங்கியவனே கோர்ட்டில் போய்ச் சொல்கிறான். யாருக்கு எவ்வளவு என்று ஒருவர் விடாமல் எழுத வேண்டும். தனக்கு என்ன இருக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அவர்கள் எல்லோருக்கும் கோர்ட் தகவல் அனுப்பும். உண்மைதான் என்று கோர்ட் ஒப்புக்கொண்டு இவர் திவாலானவர் என்று அறிவித்துவிட்டால், அன்றிலிருந்து அவருடைய சொத்து அவருடையது இல்லை. ரிசீவர் என்று கோர்ட் வைத்திருக்கிற அதிகாரியின் பொறுப்புக்குப் போய்விடும். அவர் அதை விற்று, வந்த பணத்தைக் கடன் கொடுத்தவர்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுப்பார். தனித்தனியாக வந்து யாரும் கழுத்தைப் பிடிக்க முடியாது. எல்லாம் முடிந்து, இவர் ஒளிக்கவில்லை, ஏமாற்றவில்லை என்று தெரிந்தால் கோர்ட் விடுதலை கொடுக்கும். சர்க்கார் பாக்கி, மோசடி செய்து வாங்கிய கடன் போன்ற சிலது தவிர, மீதிக் கடன்கள் அதோடு தீர்ந்துவிடும்.

ரிசீவர் ஆபீசிலிருந்து வந்தவர்கள் நல்ல மனிதர்கள். தராசு, பழம் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள், பைக் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். பாய், தலையணை, உடுப்பு, சமையல் பாத்திரம் எதையும் தொடவில்லை. அதையெல்லாம் எடுக்கக் கூடாது என்பது சட்டம். குடோன் பாங்கில் அடமானம் இருந்ததால் பாங்க் தனியாக எடுத்துக்கொண்டது. அடமானம் வாங்கியவர்கள் மற்றவர்களோடு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அவருடைய பங்கு நிலம் ஏலத்துக்குப் போனது. அந்த சமயத்தில் அவருடைய பெரியத்தா மவுத்தாகி ஒரு சின்னப் பங்கு வந்தது, ஞாபகம் இருக்கிறதா? விடுதலை ஆகும் முன்னால் வந்த சொத்து என்பதால் அதுவும் ரிசீவரிடம் போனது. இந்த வீட்டுப் பத்திரத்தைக் கேட்டார்கள். என் கல்யாணத்தின்போது என் அத்தா என் பெயரில் எழுதியது என்பதைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கணவன் திவாலானால் மனைவியின் சொத்து போகாது. ஊர் முழுக்க இந்த ஒன்றைத் தப்பாகவே பேசிக்கொண்டிருந்தது.

மனு போடுவதற்கு முன்னால் சொந்தக்காரர் ஒருவர் வந்து, நிலத்தை மகன் பெயரில் எழுதிவிடு, அப்புறம் கோர்ட்டுக்குப் போ என்று உன் அத்தாவுக்கு யோசனை சொன்னார். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வக்கீல் கேட்டுவிட்டுச் சிரித்தார். இரண்டு வருடத்துக்குள் சொந்தத்தில் இப்படிச் சும்மா எழுதிக் கொடுத்தால் கோர்ட் அதைச் செல்லாது என்று ஆக்கிவிடும், பையனும் கூண்டில் நிற்க வேண்டி வரும் என்றார். உன் அத்தா அதற்கு முன்பே முடிவு செய்திருந்தார். பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னார். "நெலம் போனாப் போகட்டும். எம் மகன் பேரு இந்தக் கோர்ட்டுக் காகிதம் எதுலயும் வரக் கூடாது." தன் பெயர் முழுக்க அழுக்கான பிறகும் அந்த மனிதர் ஒன்றே ஒன்றைச் சுத்தமாக வைத்துவிட்டுப் போனார். நீ ஞாயிற்றுக்கிழமை எழுதிக் கொடுக்கப் போவது அந்தப் பெயரைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரே வரியில் கேட்டால் இதுதான். ஃபைனான்ஸ்காரர் கையில் இருக்கும் பழைய நோட்டுக்கு இன்று உயிர் இல்லை. ரிசீவரிடமிருந்து தன் பங்கை வாங்கிக்கொண்டவர் அவர், கையெழுத்தும் போட்டிருக்கிறார். அதற்கு மேல் உன் அத்தாவிடம்கூட அவர் கேட்க முடியாது. உன்னிடம் எப்போதுமே கேட்க முடியாது, உன் அத்தா உனக்கு விட்டுப்போன சொத்து ஒன்றும் இல்லை. ஆனால் உன் பெயரில் புதிதாக ஒரு நோட்டு எழுதிக் கொடுத்தாய் என்றால் அது உன் அத்தாவின் கடன் இல்லை, உன் கடன். உன் சம்பளம், நாளைக்கு நீ வாங்கப் போகிற வீடு, எல்லாவற்றின் மேலும் அது ஏறி உட்காரும். செத்துப்போன கடனுக்கு நீ உன் உடம்பைக் கொடுக்கிறாய். அவருக்கும் அது தெரியும். "பழைய நோட்டக் கிழிச்சுப் போட்டுர்றேன்" என்று பெரிய மனதோடு சொன்னாரே, கிழித்தால் அவருக்கு என்ன நஷ்டம்?

மார்க்கம் என்று ஒன்று இருக்கிறதே என்பாய். நானும் அதைத்தான் யோசித்தேன். இத்தா முடிந்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். மவுத்தானவர் விட்டுப்போன சொத்திலிருந்துதான் அவருடைய கடனைக் கொடுக்க வேண்டும், மகன் தன் கைப்பணத்தில் கொடுப்பது அவன் நன்மைக்காகச் செய்வது, கட்டாயம் இல்லை, கொடுத்தவர்கள் மனம் வைத்து விட்டுக்கொடுத்தாலும் தீர்ந்தது என்று சொல்லி அனுப்பினார். வட்டியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே, அதைக் கொடுக்கச் சொல்லி யாரும் சொல்ல மாட்டார்கள் என்றாராம்.

சரி, அப்படியென்றால் கடனே இல்லையா என்று கேட்டால், அங்கேதான் எனக்குத் தூக்கம் போகிறது. கோர்ட் தகவல் பழம் கொடுத்த திராட்சைத் தோட்டக்காரர்களுக்கும் போனது. எழுத்தில்லாத கடனாக இருந்தாலும் உன் அத்தா ஒருவரையும் விடாமல் எழுதியிருந்தார். ஓடைப்பட்டி முருகேசன் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"நான் என்னைக்காவது காசு கேட்டு ஒங்க வாசல்ல வந்து நின்னேனா பாய்?"

"இல்ல முருகேசு."

"பெறகு எதுக்கு எனக்குக் கோர்ட்டுலருந்து காயிதம் வருது?"

உன் அத்தா பொறுமையாக விளக்கினார். இது உன் மேல் கேஸ் இல்லை, நீ போய் எனக்கு இவ்வளவு வர வேண்டும் என்று எழுதிக் கொடு, நிலம் விற்றதும் உன் பங்கு வரும் என்றார். முருகேசன் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில், "ஒங்க மேல போயி நான் கோர்ட்டுல சொல்லணுமாக்கும்? அத வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மட்டும் இல்லை, தோட்டக்காரர்கள் மூன்று பேருமே போகவில்லை. எவ்வளவு வர வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதை பாய் மேல் பிராது கொடுப்பதாக நினைத்துவிட்டார்கள். அது மரியாதைக் குறைவு என்று இருந்துவிட்டார்கள். பங்கு பிரிக்கும்போது, வந்து கேட்டவர்களுக்குத்தானே பிரிப்பார்கள்? நோட்டு வைத்திருந்த ஃபைனான்ஸ்காரர் முதல் நாளே போய் நின்றார். பழத்தைக் கொடுத்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. சட்டப்படி அவர்களுடைய கடனும் உன் அத்தாவின் விடுதலையோடு தீர்ந்துவிட்டது. ஜனாஸாவுக்கு முருகேசன் வந்திருந்தார். பள்ளிவாசல் கேட்டுக்கு வெளியே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாராம். நீ சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். இன்றுவரை உன்னிடம் வரவில்லை, இல்லையா?

உன் மாமா விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். உன் அத்தா பாங்கில் வாங்கிய ஒரு சின்னக் கடனுக்கு மாமா ஜாமீன் போட்டிருந்தார். டீ குடித்துக்கொண்டே, எங்கே மச்சான் போட வேண்டும் என்று கேட்டு, படிக்காமல் போட்ட கையெழுத்து. திவாலானவனுக்குக் கிடைக்கிற விடுதலை ஜாமீன்தாரனுக்குக் கிடையாது. உன் அத்தா ஐ.பி. கொடுத்ததும் பாங்க் அவரிடம் போனது. மாமியின் நகையை விற்றுக் கட்டினார். அதன் பிறகு பெருநாளைக்குக்கூட இந்த வீட்டில் சாப்பிடவில்லை. உத்தமபாளையத்தில் இரண்டு தெரு தள்ளி இருக்கிற கூடப்பிறந்த அண்ணன், கடைத்தெருவில் பார்த்தால் "நல்லாருக்கியாத்தா?" என்று கேட்பார். நல்லா இருக்கேண்ணே என்பேன். அவ்வளவுதான் பேச்சு. அவர் கோபத்தில் பேசாமல் இருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

திவாலானவன் கடன் வாங்கப் போனால் தான் திவாலானவன் என்று சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். உன் அத்தா அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். மளிகைக் கடையில் போய் நின்று, "தம்பி, நான் ஐ.பி. கொடுத்த ஆளு, தெரிஞ்சுக்கிட்டுக் குடு" என்றாராம். "அரைக் கிலோ ரவைக்கெல்லாமா பாய் இதச் சொல்வீக?" என்று கடைக்காரன் கேட்டானாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வருடங்களில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதற்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன். விடுதலை கிடைத்த அன்று இனிப்பு வாங்கி வருவார் என்று பார்த்தேன். வெறும் கையோடு வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "முருகேசு தோட்டம் வழியா பஸ் போச்சு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் ஒரு வருடம்கூட இருக்கவில்லை.

அவரைத் திவால் கொன்றது என்று நான் எழுத மாட்டேன். அது அவரைக் காப்பாற்றியது. அது இல்லாவிட்டால் தினமும் ஒருவன் வாசலில் வந்து கத்தியிருப்பான், நீ படிப்பை விட்டிருப்பாய். நாளைக்கு உனக்கே அப்படி ஒரு நிலை வந்தால் வெட்கப்படாமல் கோர்ட்டுக்குப் போ, எல்லாவற்றையும் எழுது, எதையும் ஒளிக்காதே. அது அவமானம் இல்லை. ஆனால் கோர்ட் தீர்க்கிற கடன் வேறு, பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வைக்கிற கடன் வேறு. உன் அத்தாவுக்கு இரண்டாவதுதான் தீரவில்லை. நீ முதலாவதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். சத்தமாகக் கேட்கிறவருக்குக் கொடுக்கப் போகிறாய். கேட்காதவர்கள் உன் கணக்கிலேயே இல்லை.

நீ நல்ல பிள்ளை. அதனால்தான் பயப்படுகிறேன். இந்த வீட்டில் தனியாக இருப்பது எனக்குப் பழகவில்லை. பேச ஆள் இல்லாததால், ஒரு விஷயத்தை நானே ஒரு பக்கம் பேசி, நானே மறு பக்கமும் பேசிப் பார்க்கிறேன். உன் அத்தா என்ன சொல்வார், நீ என்ன சொல்வாய், அண்ணன் என்ன சொல்வார் என்று எல்லோருக்காகவும் பேசியாகிவிட்டது. இனிமேல் நான் என்ன சொல்கிறேன் என்பது மட்டும்தான் பாக்கி.

இந்த வீட்டை விற்கப் போகிறேன். உத்தமபாளையத்தில் மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற இடம், விலை போகும். இது என் சொத்து, யாரும் என்னைக் கேட்க முடியாது, கொடு என்று யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது. அதனால்தான் கொடுக்கிறேன். எனக்குப் பிறகு உனக்கு வர வேண்டியது என்பதால் உன்னிடம் முதலில் சொல்கிறேன். வேறு யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. அண்ணனிடம் சொன்னால் வேண்டாம் என்பார், அவர் ஒரு வார்த்தை அன்பாகச் சொல்லிவிட்டால் எனக்கு மனம் மாறிவிடும். அவர் கட்டியதை முதலில் அவரிடம் கொடுப்பேன். பிறகு தோட்டக்காரர்கள் மூவருக்கும். அதை ஆள் விட்டு அனுப்ப மாட்டேன். சனிக்கிழமை ஓடைப்பட்டிக்கு பஸ் ஏறி, முருகேசன் வீட்டுக்குப் போய், இந்தப் பணம் வரப்போகிறது என்று நானே சொல்வேன். வேண்டாம் என்று அவர் விட்டுக்கொடுத்தால், அதையும் அவர் வாயிலிருந்தே கேட்டுக்கொண்டு வருவேன். ஃபைனான்ஸ்காரருக்கு ஒன்றும் இல்லை. அதையும் கம்பத்துக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன்.

நீ ஞாயிற்றுக்கிழமை வா. கையெழுத்துப் போட இல்லை. வீடு பார்க்க வேண்டும், வாடகை குறைவாக, ஒருத்தி இருக்கிற அளவுக்கு. தனியாகப் போய்க் கேட்டால் ஏன் தனியாக என்று கேட்கிறார்கள்.